லாடோ பிடித்த கயிறு

விசில். ஒரு மூச்சு இடைவெளி. பிறகு இடி.

கூரைத் தகரம் எழும்பி விழுகிறது. ஆபரேஷன் மேசைமேல் மண் கொட்டுகிறது. மேசையில் கேஜி என்ற கர்ப்பிணி. வயிறு திறந்திருக்கிறது. குழந்தை இன்னும் உள்ளே. நான் குனிந்து என் முதுகில் மண்ணை வாங்குகிறேன். திறந்த வயிற்றில் ஒரு துகள்கூட விழக் கூடாது. அது ஒன்றுதான் அப்போது மண்டைக்குள் ஓடியது.

விளக்கு அணைந்தது. ஜெனரேட்டர் செத்துவிட்டது.

"ஏளா சகாயம், செல் லைட்ட அடி. கை ஆடாமப் பிடி," என்றார் டாக்டர்.

பிடித்தேன். முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டேன். குழந்தை வெளியே வந்தது. பெண். எங்கள் மருத்துவச்சி மேரி வாங்கித் தலைகீழாகப் பிடித்து முதுகைத் தேய்த்தாள். அழுதது. துணியில் சுற்றித் தாயின் தோளோரம் வைத்துவிட்டு, குளுக்கோஸ் பாட்டில் எடுக்க மருந்தறைக்கு ஓடினாள்.

இரண்டாவது விசில்.

மருந்தறை வாசலில் மேரியின் ஒரு பாதி கிடந்தது. இன்னொரு பாதியை நான் தேடவில்லை. டாக்டர் தையல் போட்டுக்கொண்டிருந்தார். நூல் கேட்டார். கொடுத்தேன். அழுவதற்கு அப்புறம் நேரம் கிடைக்கும் என்று நினைத்தேன். இன்றுவரை மேரிக்காக ஒழுங்காக அழவில்லை.

வெள்ளிக்கிழமை. மழைக்காலம். பகல் மூன்று மணி கழிந்து கொஞ்ச நேரம்.

இதைத் தூத்துக்குடியில் என் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெயர் சகாய மேரி. இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபது வருஷத்துக்கு மேலாகத் தியேட்டர் நர்ஸ். அங்கே தொண்டுக்குப் போயிருந்தேன். ஆப்பிரிக்காவில், ஆற்றங்கரையில், தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கிளினிக். நாட்டின் பெயரை எழுத மாட்டேன். பிழைத்தவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். கூட்டிப்போனது சாயர்புரத்து டாக்டர் ஜெபராஜ். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சர்ஜன். "அங்கன போனா பிள்ளப்பேத்துல சாவுத பொம்பளையள்ல பாதிப் பேரக் காப்பாத்தலாம், வாரியா?" என்று கேட்டார். அப்படிக் கேட்டால் எப்படி மாட்டேன் என்பது?

திரும்பி வந்ததிலிருந்து ஊரில் எல்லாரும் ஒரே கேள்வி. சிங்கம் பார்த்தீங்களா சிஸ்டர்? முதலில் சிரித்தேன். இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. நான் பார்த்தது குடல். வேலிக் கம்பியில் தொங்கியது. எழுதிவிட்டேன். இனி யாரும் கேட்க வேண்டாம்.

துறைமுகத்தில் கண்டெய்னரை இறக்கி வைக்கும்போது ஒரு சத்தம் வரும். காற்று இந்தப் பக்கம் அடித்தால் எங்கள் தெரு வரை கேட்கும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறேன்.

மூன்றாவது குண்டு சந்தைப் பக்கம். நான்காவதும் அங்கேதான். பிறகு இயந்திரத் துப்பாக்கி. அதன் சத்தம் வேறு. தையல் மெஷின் தடித்த துணியில் ஓடுவது போல. சந்தைப் பாதையில் நெருங்கி வருகிறது. சுடுகிறவர்கள் யார் பக்கத்து ஆட்கள் என்று எனக்கு அன்று தெரியாது. இன்று தெரிந்தும் பிரயோஜனமில்லை. ஆஸ்பத்திரி என்று தெரிந்தே சுட்டார்கள். கூரையில் சிவப்புப் பெயின்ட்டில் பெரிதாக அடையாளம் போட்டிருந்தோம்.

தப்ப ஒரே வழி பின்னால் இருந்த ஆறு. வெள்ளம் செம்மண் நிறத்தில் சுழித்து ஓடுகிறது. ஓடங்களை எடுத்துக்கொண்டு மீன்பிடிக்கிறவர்கள் காலையிலேயே போய்விட்டார்கள். எங்களிடம் இருந்தது ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. பாதியாக அறுத்து, படுக்கை விரிப்பு துவைக்க வைத்திருந்தோம். அதுவும் இரண்டு நீளமான நைலான் கயிறுகளும்.

கேஜியின் புருஷன் வானி ஒரு கயிற்றை இடுப்பில் கட்டி அக்கரைக்கு நீந்தினான். நடக்க முடிந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டே கடந்தார்கள். அவர்கள் அந்தப் பக்கமிருந்து அதே கயிற்றால் தொட்டியை இழுக்க வேண்டும். இன்னொரு கயிறு தொட்டியின் பின்னால். இக்கரையில் ஒரு ஆள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டால் தொட்டி வெள்ளத்தோடு போய்விடும். தொட்டி திரும்பி வருவதும் அந்த ஆள் கையில்தான்.

அந்தக் கயிற்றுக்கு டாக்டர் கிளினிக் காவலாளியை நிறுத்தினார். பனை மாதிரி ஆள். ஒற்றைக் கையால் சிமென்ட் மூட்டை தூக்குவார்.

முதல் தொட்டியில் பாதத்தை அறுத்தெடுத்திருந்த ஒரு கிழவர். அவர் மனைவி. பாதி ஆற்றில் போகும்போது விசில். குண்டு தண்ணீரில் விழுந்தது. காவலாளி கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினார். தொட்டி ஒரு சுற்று சுற்றியது. கவிழ்ந்தது. கிழவியின் மஞ்சள் முக்காடு ஒருமுறை மேலே வந்தது. அப்புறம் வரவில்லை.

காவலாளியை நான் திட்டவில்லை. தொட்டியில் அவருக்கு யார் இருந்தார்கள்?

இதைச் சொல்ல என் வீட்டுக் கதை கொஞ்சம் வேண்டும். என் வீட்டுக்காரர் சூசை சங்கு குளிக்கிறவர். வாயில் காற்று டியூப், இடுப்பில் கயிறு. வள்ளத்தில் கயிற்றைப் பிடிப்பது என் அண்ணன் அந்தோணி. எங்கள் கரையில் அது பழைய வழக்கம். குளிக்கிறவன் கயிற்றை அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் பிடிக்க வேண்டும். கை தவறினால் தாலியறுப்பது தன் தங்கச்சி. அந்த நினைப்பு இருக்கிறவன் கையை விடமாட்டான். இத்தனைக்கும் என் அண்ணனும் என் வீட்டுக்காரரும் மனைத் தகராறில் பேச்சை முறித்து மூன்று வருஷம். ஒரே வள்ளத்தில் போவார்கள். ஒரு வார்த்தை கிடையாது. கயிறு மட்டும் அண்ணன் கையில்.

ஒரு மாலை கிளினிக் படியில் உட்கார்ந்து அண்ணன் கயிறு பிடிக்கிறதை ஊரிலிருந்து எடுத்தனுப்பிய வீடியோவைச் செல்லில் லாடோவுக்குக் காட்டினேன். லாடோ எங்கள் ஜெனரேட்டர் பார்க்கிறவன். கேஜியின் அண்ணன். ஒல்லி. வாய் ஓயாது. நான் பேசும் அரைகுறை அரபியைக் கேட்டுச் சிரிப்பதே அவனுக்குப் பொழுதுபோக்கு. வழக்கத்தைச் சொன்னதும் தொடையில் தட்டிச் சிரித்தான். "வானி எங்கள் வீட்டுக்கு மாடு கொடுத்துத்தான் என் தங்கச்சியைக் கட்டினான். அவன் மூழ்கினால் மாடு எனக்கே மிச்சம். எங்கள் ஊருக்கு இந்த வழக்கம் சரிப்படாது," என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "தண்ணீரில் இருக்கிறவன் தங்கச்சிக்கு யாருமில்லை என்றால் விட்டுவிடலாமா?" என்று கேட்டான். விடு, யார் கேட்கப்போகிறார்கள் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை, வானி பின்கயிற்றோடு மறுபடி நீந்தி வந்து தொட்டியை இக்கரை சேர்த்த பிறகு, டாக்டர் அடுத்த பலசாலியைத் தேடினார். நான் கத்தினேன். "பெலம் வேண்டாம் டாக்டர். லாடோ பிடிக்கட்டும். கேஜிய ஏத்துங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். கடற்கரைப் பக்கத்து ஆள் இல்லையென்றாலும் அவருக்கு அந்த வழக்கம் தெரியும். லாடோவைக் கூப்பிட்டார்.

கேஜியை ஏற்றினோம். முதுகில் போட்ட மயக்க ஊசி இன்னும் இறங்கவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கவிழ்ந்தால் காலை அடிக்கக்கூட முடியாது. மார்பில் குழந்தை. லாடோ கயிற்றின் முனையைத் தன் இடுப்பில் கட்டினான். அத்தி மரத்தை ஒரு சுற்று சுற்றினான். வேரில் குதிகாலை ஊன்றி உட்கார்ந்தான். வள்ளத்தில் என் அண்ணன் உட்காரும் அதே மாதிரி. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

குண்டு விழுந்தது. கரை அதிர்ந்தது. லாடோ தலையைக் குனிந்தான். கையை எடுக்கவில்லை. கேஜி அக்கரை ஏறினாள். குழந்தையும் ஏறியது.

லாடோ தொட்டியைத் திரும்ப இழுத்தான்.

மறுபடி. மறுபடி. தொடையில் குண்டு பாய்ந்த பெண். மலேரியா காய்ச்சலில் பிதற்றும் பிள்ளைகள். கைகால் எரிந்தவர்கள். லாடோவின் உள்ளங்கைத் தோல் உரிந்து கயிற்றில் ஒட்டிக்கொண்டு வந்தது. துணி சுற்ற வேண்டும் என்று அருகே போனேன். "தஹத்! தஹத்!" என்று கத்தினான். கீழே படு என்று அர்த்தம். படுத்தேன். தலைக்குமேல் கிளை முறிந்தது. எழுந்தபோது டாக்டர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று விரல்கள் இல்லை. "கட்டு போடுளா," என்றார். அவ்வளவுதான். முப்பது வருஷம் அறுவை செய்த கை அது.

கிளினிக்குக்குள் இன்னும் இரண்டு பேர். வயிற்றில் காயம்பட்ட ஒரு இளைஞன். அசைத்தால் செத்துவிடுவான். அவன் தாய் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றுவிட்டாள். நாங்கள் ஆற்றோரம் நிற்கும்போதே உள்ளே கத்தல் கேட்டது. பிறகு சுட்ட சத்தம். பிறகு கத்தல் இல்லை.

கடைசித் தொட்டி. நானும் டாக்டரும். எனக்கு நீச்சல் தெரியாது. கடற்கரையில் பிறந்த பெண் என்றால் யாரும் நம்புவதில்லை. எங்கள் ஊரில் கடலுக்குப் போவது ஆண்கள். நாங்கள் கரையில் நிற்பதோடு சரி. நீயும் ஏறு என்றேன் லாடோவிடம். வெள்ளத்தைக் காட்டி, மாட்டேன் என்று தலையாட்டினான். பின்கயிற்றை ஒரு ஆள் பிடிக்காமல் யாரும் போய்ச்சேர முடியாது. உங்களை அக்கரை சேர்த்துவிட்டு நீந்தி வருகிறேன் என்று சைகை காட்டினான். நீந்தக்கூடியவன்தான்.

நடு ஆற்றில் திரும்பிப் பார்க்கிறேன். இதை நான் தினமும் பார்க்கிறேன். ஆளுயரப் புல் விலகுகிறது. பச்சைச் சட்டைகள். லாடோவும் பார்த்துவிட்டான். முடிச்சை அவிழ்த்துவிட்டுத் தண்ணீரில் குதிக்க நேரம் இருந்தது. நன்றாகவே இருந்தது. என் தொட்டி சுழலின் வாயில் இருந்தது.

அவன் எங்களைப் பார்த்தான். வேரில் குதிகாலை இன்னும் அழுத்தி ஊன்றினான். கயிற்றைக் கொடுத்துக்கொண்டே இருந்தான்.

மூன்று வெடி. அடுத்தடுத்து. நெருக்கத்தில்.

கயிறு தளர்ந்தது. தொட்டி திரும்பியது. தண்ணீர் உள்ளே ஏறியது. டாக்டர் இடது கையால் என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு இழுப்பு. தொட்டி அப்படியே நின்றது. முனை அவன் இடுப்பில் இருந்தது. இடுப்பு மரத்தில் சிக்கியிருந்தது.

அக்கரையில் இழுத்தார்கள். ஏறினோம். அதற்குமேல் சதுப்பு. நடக்க முடியாதவர்களைத் தொட்டியில் வைத்து இழுத்தால்தான் போக முடியும். பின்கயிறு தொட்டியில் கட்டியிருக்கிறது. முடிச்சு நனைந்து இறுகிவிட்டது. அந்தப் பக்கமிருந்து கயிற்றை ஒட்டியே சுட ஆரம்பித்துவிட்டார்கள். என் சட்டைப் பையில் அந்தக் குழந்தையின் தொப்புள் கொடியை வெட்டிய கத்தரிக்கோல் இருந்தது.

கேஜி ஊர்ந்து வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. அவள் விடவில்லை. அவள் கைக்கும் தொட்டிக்கும் நடுவே வெட்டினேன். கயிறு தண்ணீருக்குப் பாய்ந்தது. கேஜியின் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போனது.

ஊர் திரும்பியதும் வள்ளம் கரைபிடிக்கிற இடத்தில் அண்ணனிடம் எல்லாம் சொன்னேன். சூசை கொஞ்சம் தள்ளி டியூபைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி கரையேறுன பொறவுமா பிடிச்சிருந்தான்?" என்று கேட்டான்.

"ஆமா."

"நீ அவனுக்கு யாருளா?"

சூசை டியூபைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவை.

இனி கணக்கு. மறக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

இழந்தது: மூன்று அறைகள். ஒரு ஜெனரேட்டர். குளிர்பெட்டி நிறையத் தடுப்பூசி. மூன்று விரல்கள். சுற்றுவட்டாரத்தில் பிள்ளை பெற இருந்த ஒரே இடம்.

செத்தவர்கள் ஆறு பேர். மருத்துவச்சி மேரி. பாதம் எடுத்த கிழவர். அவர் மனைவி. வயிற்றில் காயம்பட்ட இளைஞன். அவன் தாய்.

ஆறாவது லாடோ. முப்பது வயதுகூட ஆகவில்லை. அவன் தங்கச்சி கரையேறி வெகுநேரம் ஆகியிருந்தது. தொட்டியில் இருந்தது நான். நான் அவனுக்கு எந்த உறவும் இல்லை.