இடது கைமேல் விழுந்த பழி

செடிக்குத் தண்ணீர் ஊற்றத்தான் உங்கள் மனைவி என்னிடம் சாவி கொடுத்தாள், தம்பி. ஒருநாளும் ஊற்றாமல் விட்டதில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு அதற்கும் என்னைச் சொல்லக் கூடாது பாருங்கள்.

என் கையெழுத்தில் இருந்தால்தான் அவளுடைய விமானக் கம்பெனியின் மருத்துவக் குழு நம்பும் என்றீர்கள். எழுதுகிறேன்.

நம் மாடியில் ஏழு வீடு. என்னுடையதையும் உங்களுடையதையும் விட்டால் மீதி ஐந்தில் நடக்கப்போவதை ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுவேன். ஒரு வீட்டில் இருமல், ஒரு வீட்டில் டிவி, பல் டாக்டர் வீட்டில் மாமியார் மருமகள் சண்டை, அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். உங்கள் வீடுதான் கொஞ்சம் உருப்படி. அவள் ஆறு வருஷமாகத் துணை விமானி. அவள் தொப்பியைக் கழற்றுவதற்குள் நான் டீயோடு நிற்பேன். "அக்கா, உங்க வீட்ல ரேடார் ஏதும் வச்சிருக்கீங்களா?" என்பாள். நீங்கள் வருஷத்தில் எட்டு மாதம் கப்பலில். என்னை விட்டால் அவளுக்கு யார்?

கேப்டன் ஆனால் வேறு ஊருக்கு மாற்றல் என்று அவள் சொன்ன அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாற்காலியிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து வாசல், வாசலிலிருந்து அடுப்பு. அடுப்பில் ஒன்றும் இருக்காது.

கேப்டன் பரீட்சைக்குப் பழகட்டும் என்று நீங்கள்தானே லீவில் வந்து, வீட்டிலிருந்தே விமானம் ஓட்டிப் பார்க்கும் அந்த சிமுலேட்டரைக் கம்ப்யூட்டரில் மாட்டிக் கொடுத்தீர்கள்? மேசைக்கடியில் படுத்து நீங்கள் வயர் சொருகியபோது டார்ச் பிடித்தவள் நான். என் வாய் சும்மா இருக்குமா? கேட்டதற்கெல்லாம் பொறுமையாகச் சொன்னீர்கள். தரையில் விமானத்தைத் திருப்புவது முன்சக்கரம். காலடியில் இருக்கும் பெடல் அதைக் கொஞ்சம்தான் திருப்பும்; ஓடுபாதையில் வேகமாக ஓடும்போது அதுவே போதும். மெல்ல ஊர்ந்து முனை திரும்புவதற்கு கேப்டனின் இடது கைப் பக்கம் ஒரு சின்னக் கைச்சக்கரம். அவள் ஓட்டும் விமானத்தில் துணை விமானி பக்கம் அது கிடையாது; அதனால்தான் அதுபோல ஒன்றை மேசையின் இடது பக்கம் மாட்டினீர்கள். "ஆகாசத்துல பறக்கத் தெரியும்க்கா, தரையில தவழத்தான் தெரியல" என்று சிரித்தாள்.

கைச்சக்கரத்தை எவ்வளவு திருப்பினால் முன்சக்கரம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதற்குத் திரையில் ஒரு கோடு, அதில் நகரும் ஒரு பொட்டு. "இதுல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாதுக்கா" என்றீர்கள். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

அவள் வேலைக்குப் போன பிற்பகல்களில் செடிக்கு ஊற்றிவிட்டுப் பொட்டை நகர்த்துவேன். ஒருநாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம். நகக்கண் அளவுதான். நிறைய நகர்த்தினால் இயந்திரத்தைச் சந்தேகப்படுவாள். கொஞ்சமாக நகர்த்தினால் தன்னைச் சந்தேகப்படுவாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் எழுந்து நடப்பது கேட்கும். இந்தப் பக்கம் நானும் நடப்பேன். "நேத்து தொட்டதும் திரும்பிச்சு, இன்னைக்கு அசையவே மாட்டேங்குது. தரையில போட்ட மஞ்சக் கோட்டுல நிக்க முடியலக்கா" என்பாள். உங்களுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "நான் வச்சது எப்படி மாறும்? உன் கையைக் கவனி, கேப்டனம்மா" என்று கிண்டல் செய்தீர்கள். பழியை என் ஒருத்திமேல் போடுவது நியாயமில்லை. திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னீர்களே, அன்று பொட்டு பழைய இடத்தில்தான் இருந்தது. படம் எடுக்கப்போவதை அவள் முந்தின நாளே என்னிடம் சொல்லியிருந்தாள்.

பரீட்சைக்கு முந்தைய மூன்று நாளும் அதை மந்தமான பக்கமே விட்டுவைத்தேன். கை அதற்குப் பழகிவிட்டது. கம்பெனியின் பெரிய சிமுலேட்டரில் முனை திரும்பும்போது கை தேவைக்கு மேல் திருப்பி, விமானம் புல்தரையில் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ விட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"மறைக்காதம்மா. பின்னாடி நூத்தெண்பது பேர் உக்காந்திருப்பாங்க. டாக்டர்கிட்ட சொல்லிடு" என்றேன். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். கை பேச்சைக் கேட்கவில்லை என்று அவளே எழுதிக் கொடுத்தாள். பறக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். ஸ்கேனுக்கு அவளோடு போனது நான்தான். ஒன்றும் இல்லை என்று வந்தது. அதில்தான் அவள் ரொம்பப் பயந்துவிட்டாள். இப்போது டம்ளரைக்கூட இடது கையால் எடுப்பதில்லை. நான் எடுத்துக் கொடுக்கிறேன்.

ஒவ்வொரு மாற்றத்தின் தேதியும் மணியும் கம்ப்யூட்டரில் பதிவாகும் என்று நீங்கள் எனக்குச் சொல்லித் தரவில்லை. இந்தத் தடவை ஊருக்கு வந்ததும் அதைத் திறந்து, அந்த மணியெல்லாம் அவள் வானத்தில் இருந்த நேரம் என்று கணக்காகக் காட்டினீர்கள். ஆமாம், பதினேழு பிற்பகல். செய்தது நான்தான்.

முறையீடு செய்ய வெள்ளிக்கிழமை மாலைதான் கெடு என்றீர்கள். அன்று மூன்று தடவை கதவைத் தட்டினீர்கள். "அக்கா, எழுதிட்டீங்களா? அவ வாழ்க்கைக்கா" என்றீர்கள். உள்ளேதான் நடந்துகொண்டிருந்தேன். அவசரத்தில் எழுதி ஒரு பிழை வந்தால் அவளுக்குத்தானே கெடுதல்? நான்கு முறை கிழித்து எழுதினேன். இன்று திங்கட்கிழமை, உங்கள் கதவுக்கடியில் தள்ளிவிடுகிறேன். அவள் விஷயத்தில் நான் எதிலும் அலட்சியமாக இருந்ததில்லை, தம்பி.