முதலில் விடும் மீன்

கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் செய்கிற முதல் தப்பு, மீன் வாங்குவது. மீன் கடைசியில்தான் வர வேண்டும் சார். முதலில் தண்ணீர். வடிகட்டிய தண்ணீரில் கடலுப்புப் பொடியைக் கரைத்து, பம்ப் போட்டுச் சுற்றவிட்டு, உப்பை அளந்து, கல்லும் மணலும் இட்டு, பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். வெறும் தண்ணீருக்கு விளக்குப் போட்டு உட்கார்ந்திருந்த என்னை வீட்டில் எல்லோரும் கேலி செய்தார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குப் பொறுமை அதிகம். என் மனைவியைக் கேட்டால் அவளே சொல்வாள். இப்போது சொல்வாளா என்று தெரியவில்லை.

தொட்டி என் மகளுக்காக. சின்னக் குழந்தை, கொஞ்சம் குளிர்ந்தாலே மூச்சு இழுக்கும், வெளியே விளையாட விடுவதில்லை. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாள். கண்ணாடித் தொட்டியை மாடிக்கு ஏற்ற எனக்குக் கைகொடுத்தவன் மைத்துனன், என் மனைவியின் தம்பி. எந்த வேலையும் நிலைக்காமல் எங்கள் ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்தான். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

உப்புத் தண்ணீர் கரைக்கிற டிரம்முக்குக் குளியலறையை விட்டால் வேறு இடமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கொசுவுக்குப் புகை போடுவார். அது வெண்டிலேட்டர் வழியாக வந்து தண்ணீரில் இறங்கினால் என் பாடெல்லாம் வீண். அதனால் வெண்டிலேட்டரைப் பலகை அடித்து மூடி, தொட்டிக்கு வாங்கியதில் மிஞ்சிய பசையை ஓரமெல்லாம் பூசினேன். வேலை சுத்தமாக அமைந்தது.

அதே குளியலறையில்தான் கேஸ் கீசர் இருக்கிறது. அதைச் சரிபார்க்க வந்த மெக்கானிக் பலகையைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"இதை யாரு சார் அடைச்சது? கீசர் எரியறப்ப வர்ற காத்துல வாசனையே இருக்காது. கதவைச் சாத்திட்டுக் குளிக்கிறவங்க அப்படியே சாஞ்சிடுவாங்க. சின்னப் பிள்ளைங்கன்னா இன்னும் சீக்கிரம். பலகையை எடுங்க, இல்ல புகைக்குழாய் மாட்டுங்க. அதுவரைக்கும் இதைத் தொடவே தொடாதீங்க."

புகைக்குழாய் அவரே விற்கிறார். நிஜமாகவே எச்சரிக்கிறாரா, வியாபாரம் பேசுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. வீட்டில் கீசர் ரிப்பேர் என்று மட்டும் சொன்னேன். மகளுக்குத் தினமும் அடுப்பில் வெந்நீர் வைத்துத் தூக்கிப்போக வேண்டியிருந்தது. மனைவி முணுமுணுத்தாள்.

அந்த வாரம்தான் மீன்கடைக்காரர் எனக்கு அந்த விஷயத்தைச் சொன்னார். நீல நிறத்தில் ஒரு பொடி மீனைக் காட்டினார்.

"அளந்து பார்த்தா மட்டும் போதாது சார். முதல்ல இவனை விடுங்க. விலை கம்மி, எதையும் தாங்குவான். இவன் பிழைச்சா தண்ணி சரி."

"செத்துட்டா?"

"தண்ணியைச் சரி பண்ணிட்டு இன்னொருத்தனை விடுங்க. ஆனா பிழைச்சவன் தொட்டிக்கே ரவுடி ஆயிடுவான். மத்ததைக் கடிப்பான். அப்புறம் புடிக்கவே முடியாது."

முதல் நீலம் மறுநாளே செத்தது. மைத்துனனும் மகளும் அதைக் காகிதத்தில் சுற்றிப் பூந்தொட்டியில் புதைத்தார்கள். மகள் அழுதாள். அவன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"பாவம் மாமா. டெஸ்டுக்குத்தான் விடுறோம்னு அதுக்குத் தெரியாதுல்ல?"

"தெரிஞ்சா மட்டும் என்ன பண்ணிடும்?"

"வரலைன்னாவது சொல்லும்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் அவன் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். சொல்லிவிட்டு அனுப்பினால் வராது என்பது உண்மைதான்.

மறுநாள் காலை அவன் ஒரு வேலை விஷயமாக ஆளைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. மனைவி மகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போயிருந்தாள். நான் குளியலறைக்கு வெளியே இருக்கிற கேஸ் வால்வைத் திறந்தேன்.

"மாப்ள, கீசர் சரியாயிடுச்சு. வெந்நீர்ல குளிச்சிட்டுப் போ. கதவை நல்லாச் சாத்திக்கோ."

"என்ன மாமா, இன்னைக்கு ராஜ உபசாரமா இருக்கு?"

குளிக்கும்போது பாடுவான். சுருதிக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். பாட்டு நின்றபோது நான் தொட்டியில் உப்பு அளந்துகொண்டிருந்தேன். அளவு சரியாக இருந்தது. அதன்பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பாதியில் நிறுத்தினால் எதுவுமே நிச்சயமாகத் தெரியாது. பிறகு வால்வை மூடிவிட்டு, கதவை உடைத்துத் திறந்து, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். மைத்துனன் சிகரெட்டாக ஊதித் தள்ளுகிறவன் என்பது தெருவுக்கே தெரியும். டாக்டர் மாரடைப்பு என்றார்.

மனைவி சாப்பிடாமல் கிடந்தாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும்போது பிடிக்க ஒரு கை குறைந்துவிட்டது.

மெக்கானிக் வியாபாரம் பேசவில்லை என்பது உறுதியாகிவிட்டது. நான் பொறுப்பில்லாதவன் இல்லை சார். உடனே பலகையில் ஒரு துண்டை அறுத்து எடுத்தேன். முழுக்க எடுத்தால் கொசுப்புகை வந்துவிடும். எவ்வளவு எடுத்தால் போதும் என்பதுதான் கேள்வி. கதவு உடைந்ததைச் சரிசெய்து, துக்கம் கொஞ்சம் அடங்கிய பிறகு மனைவியை வெந்நீரில் குளிக்கச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து வாந்தி எடுத்தாள். இன்னொரு துண்டு அறுத்தேன். அடுத்த முறை தலைவலி மட்டும். மறுபடி அறுத்தேன். அதன்பிறகு நன்றாகவே வெளியே வந்தாள்.

"ஏங்க, நான் குளிக்கிறப்பல்லாம் கதவுகிட்ட வந்து நிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"உனக்கு ஏதாவது ஆயிடுச்சான்னு பார்க்கத்தான்" என்றேன். பொய் இல்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தம்பி போனதில் நான் பயந்துபோயிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது நீலம் பிழைத்தது. ஆரஞ்சு மீனைக் கடைக்காரர் வீட்டுக்கே கொண்டுவந்தார். நல்ல மனிதர், ஆனால் ஓட்டைவாய். முதலில் எதற்கு நீல மீனை விடுகிறோம், தண்ணீரை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்கிறோம் என்று என் மனைவிக்கு விளக்கிச் சொன்னார். அவள் மீனைப் பார்த்தாள். பிறகு குளியலறைக்குப் போய், துண்டு துண்டாக அறுத்த பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கே மெக்கானிக்குக்குப் போன் செய்திருக்கிறாள். பிறகு ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள். பிழைத்தது கடிக்கும் என்று கடைக்காரர் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது.

ஆமாம், தெரிந்துதான் அனுப்பினேன். அவனையும் அவளையும். பெற்ற பிள்ளைக்காக ஒரு தகப்பன் இதுகூடச் செய்யவில்லையென்றால் எப்படி. பலகையை மொத்தமாகப் பிடுங்கி எறிந்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். தொட்டி வைத்தவர்களுக்குத்தான் அது புரியும்.

மனைவி நன்றாக வெளியே வந்த பிறகும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. பெரியவர்களுக்குத் தாங்குவது எல்லோருக்கும் தாங்கும் என்று சொல்ல முடியாது. அதனால் மகளை அனுப்பினேன். கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னேன். காதோரம் சோப்பு நுரை ஒட்டியிருக்க, துண்டைச் சுற்றிக்கொண்டு சிரித்தபடி வந்தாள்.

அதுவரை நான் மொட்டைமாடிக் குழாயில் பச்சைத்தண்ணீரில்தான் குளித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்த பிறகுதான் உள்ளே போய் வெந்நீரில் குளித்தேன்.