அமுக்கிய எண்ணும் பெருநாள் தண்ணீரும்

மேடையில் அமர்ந்திருக்கும் நீர்வழங்கல் இயக்குநர் லஸ்ஹர் அவர்களே, அவர் தலையாட்டும்போதெல்லாம் தலையாட்டும் அதிகாரிகளே, பள்ளிவாசல் இமாம் அவர்களே, மேட்டுத் தெருவிலிருந்து இறங்கி வந்திருக்கும் என் மக்களே, எல்லோர்மீதும் சாந்தி உண்டாகட்டும்.

அல்ஜியர்ஸில் படித்துப் பட்டம் பெற்ற புள்ளியியல் அறிஞர் வஸீலா பென்ஸகூர், என் பேத்தி, மறைந்து இன்று நாற்பதாம் நாள். எனக்கு முன் பேசியவர்கள் அவளை முத்து என்றார்கள், ரத்தினம் என்றார்கள். உயிரோடு இருந்தபோது இந்த முத்தை எங்கே உட்காரவைத்தீர்கள்? படிக்கட்டுக்கு அடியில், பழைய மீட்டர்களைக் குவித்திருக்கும் அறையில். ஒருவராவது அங்கே எட்டிப் பார்த்ததுண்டா?

அவள் என்ன வேலை செய்தாள் என்பதையும் ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்வார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவள் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

ஊர் செலவழிக்கும் தண்ணீரை மணிக்கு மணி அளக்கிறார்கள். சாதாரண நாளில் அது கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். ஹஜ்ஜுப் பெருநாள் காலையில் மட்டும் பள்ளிவாசல் மினாரா போல எழுந்து நிற்கும். தொழுகை முடிந்ததும் வீட்டுக்கு வீடு ஆடு அறுக்கிறோம், ஒரே நேரத்தில் குடல் அலசுகிறோம், முற்றம் கழுவுகிறோம். எழாமல் என்ன செய்யும்? சாதாரண நாளில் கணக்குத் தப்பினால் ஒரு குடம் தப்பும். பெருநாளில் தப்பினால் ஒரு தொட்டியே தப்பும். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால், அந்த ஒரு காலை வருஷம் முழுவதன் கணக்கையும் கெடுத்துவிடும்.

நம் இயக்குநர் அதற்கு என்ன செய்தார்? மினாராவையே அழித்தார். "போன வருஷம் இதே தேதியில ஒண்ணுமில்லையேம்மா, இது மீட்டர் கோளாறு" என்றார். பெருநாள் பிறைக் கணக்கில் வருஷா வருஷம் பத்து நாள் முன்னால் நகரும் என்பது ஆடு மேய்ப்பவனுக்குத் தெரியும். ஆட்டுக்கே தெரியும். முன்வரிசையில் நின்று பெருநாள் தொழுகிறவருக்குத் தெரியவில்லை.

வஸீலா அழிக்கவில்லை, அமுக்கினாள். பெரிய எண்ணை அதிகமாகவும் சிறிய எண்ணைக் கொஞ்சமாகவும், பெரியது சிறியது என்ற வரிசை மாறாமல் அமுக்கினாள். அப்படிச் செய்தால் ஏற்ற இறக்கம் எல்லா நாளிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வரும், அடுத்த பெருநாளைக் கணிக்கலாம். கணித்தபின் அமுக்கியதை அவிழ்க்க வேண்டும். அதிலும் சூட்சுமம் உண்டு. அப்படியே அவிழ்த்தால் கணக்கு குறைத்துக் காட்டும், அதை ஈடுகட்ட வேண்டும். "கம்பளிய மூட்டையில அமுக்கிக் கட்டித்தானே பாட்டிம்மா கழுத மேல ஏத்துறோம்? வீட்டுக்கு வந்து அவுத்தாத்தான் மெத்தை" என்பாள்.

போன பெருநாளுக்கு அவள் ரத்தப் புற்றோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இயக்குநர் அவள் அமுக்கிய எண்களால் வரைந்த படத்தை எடுத்துப் பார்த்தார். பெருநாள் மற்ற நாளைவிட ஒரு விரற்கடைதான் உயரம் என்று கண்டுபிடித்தார். அந்த விரற்கடைக்குத் தண்ணீர் திறந்தார். மூட்டையின் மேலேயே படுத்துக்கொண்ட மேதை.

கீழ்த்தெருவில், அவர் வீட்டில், தண்ணீர் வந்தது. மேட்டுத் தெருவில் குழாய் இருமிவிட்டு நின்றது. வெயிலில் ரத்தம் முற்றத்திலேயே காய்ந்தது. ஈ மொய்த்தது. அந்த வாரம் எங்கள் பிள்ளைகள் பேதியில் கிடந்தார்கள். அதையும் மீட்டர் கோளாறு என்பீர்களா?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவள் நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். கையைப் பிடித்து அழைத்துப் போனவள் நான்.

"சார், படத்த அவுக்காம பாத்திருக்கீங்க."

"எல்லாத்துக்கும் ஒரு கணக்காம்மா? மேட்டுத் தெருக்காரங்க ரெண்டாம் நாள் அறுக்கட்டுமே. மார்க்கத்துல இடமிருக்குல்ல?"

"நான் எண்ணத்தான் சார் அமுக்குறேன். மனுஷங்கள அமுக்கல."

"ஒடம்பப் பாத்துக்க. போயி ரெஸ்ட் எடு."

"நீங்க ரெண்டாம் நாள் அறுப்பீங்களா சார்?"

இயக்குநர், சர்க்கரை கரைந்து வெகுநேரமாகியும் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

இந்தப் பெருநாளுக்கான எண்ணை அவள் தன் கையாலேயே அவிழ்த்துக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். மேட்டுத் தெருவுக்கான மேல்தொட்டியை முந்தின நாளே நிரப்பிவைக்க வேண்டும், அவ்வளவுதான். பெருநாளுக்கு மூன்று வாரம் இருக்கிறது. முத்து என்றும் ரத்தினம் என்றும் சொன்ன வாய்களில் ஒன்றாவது, தொட்டியை நிரப்புவோம் என்று சொன்னதா? கூஸ்கூஸ் விருந்து தயாராகிவிட்டதா என்று கேட்ட வாய்கள் உண்டு.

நீர்வழங்கல் அலுவலகத்தின் இந்த மண்டபத்துக்கு அவள் பெயரை வைக்கப்போகிறார்களாம். "சம்மதமா ஹாஜியாரம்மா?" என்று வாசலிலேயே கேட்டார்கள். சபை முன்னால் என் பதிலைச் சொல்கிறேன்.

மேட்டுத் தெருவார் உறுதி எடுத்திருக்கிறோம். முதல் நாளே, தொழுகை முடிந்த கையோடு, எல்லா வீட்டிலும் அறுப்போம். அவள் கணித்த உயரத்தை ஒரு வீடு குறையாமல் எழுப்பிக் காட்டுவோம். அவள் வேலையைத் தொடர எங்களுக்குத் தெரிந்த வழி அதுதான். தண்ணீர் வந்தால், மறுநாள் நானே வந்து பெயர்ப்பலகையைப் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் ஆணி அடியுங்கள். வராவிட்டால், கழுவாத குடலையெல்லாம் வண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து அலசுவோம். இங்கே குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது, உள்ளே நுழையும்போது கை கழுவிப் பார்த்தேன். அப்புறம் இந்த மண்டபத்துக்கு ஊரே ஒரு பெயர் வைக்கும்.

இமாம் அவர்களே, துஆ ஓதுங்கள்.