ஊத்துமடுவின் உயிருள்ள மட்டி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அருணகிரி அவர்களே! அடிவாரத்து ஒடுகத்தூரிலிருந்து பேருந்தேறி வந்த பெரியவர் பாஷா அவர்களே! சாமைக் கொல்லையில் களை பறித்த கையோடு வந்தமர்ந்த தாய்மார்களே! வணங்குகிறேன்.

என் பெயர் கோபால்சாமி. என்னை அறியாதவர்களும் என் மனைவியை அறிவீர்கள். திருப்பத்தூரில் விலங்கியல் கற்பித்த சம்பூர்ணம்.

ஜவ்வாது மலையின் ஓடையெல்லாம் அவள் மட்டி என்ற நன்னீர்ச் சிப்பியைத் தேடினாள். கிடைத்தவை மட்டி ஓடுகள், வெற்று ஓடுகள். ஓட்டைக் கண்டவள் உயிரைக் காண ஏங்கினாள். கோடைதோறும் வந்தாள், கண் கலங்கித் திரும்பினாள். எழுபத்தொன்பதாம் ஆண்டு உங்கள் ஊத்துமடுவின் மணலுக்குள் கைவிட்டவள், “இருக்குங்க! உயிரோட இருக்குங்க!” என்று கூவினாள். அவள் அறிந்த எந்த இனத்தோடும் அந்த மட்டி ஒத்துப்போகவில்லை.

யாரது? ‘துன்னலாமா’ என்கிறீர்களா? ஐயா, நீங்கள் குடிக்கும் தண்ணீரை வடிகட்டித் தருவதே அதுதான்! அதையும் தின்றுவிட்டு எதைக் குடிப்பீர்கள்?

மட்டியின் குஞ்சு மீனின் செவுளில் ஒட்டித்தான் உயிர் பிழைக்கும். மீன் செத்தால் மட்டிக்கு வாரிசு ஏது? அந்த மடுவுக்குத்தான் திருவிழா மீனுக்காக, தண்ணீரில் வெடிக்கும் தோட்டாவோடு வந்தார் இதோ அமர்ந்திருக்கும் லட்சுமணன். சம்பூர்ணம் இடுப்பளவு நீரில் இறங்கி நின்றுவிட்டாள்.

“இன்னாமா இது? ஏறி வா. வெடிச்சா செதறிப் பூடுவே!”

“எல்லா ஓடையும் பாத்துட்டேங்கண்ணா. இதுங்களுக்கு வேற எடமே இல்ல.”

“சிப்பிக்காவா உசுர வுடுவே?”

அவள் அசையவில்லை. கரையில் துணி துவைத்த பச்சையம்மா, “அப்போ என்னையும் சேத்து வெடி” என்று அவளருகில் போய் நின்றார். லட்சுமணன் தோட்டாவோடு திரும்பினார். அண்ணா, ஏன் தலை குனிகிறீர்கள்? அன்றுமுதல் அந்த மடுவுக்குக் காவல் நீங்கள்தானே!

ஆனால் அங்கிருந்தவை முதிர்ந்த மட்டிகள் மட்டுமே. “ஒரு குஞ்சைப் பாத்துட்டாப் போதுங்க” என்பாள். படுக்கையில் மஞ்சள் காமாலையோடு கிடந்தபோதும் அதையே கேட்டாள். சென்ற தையில் போய்விட்டாள்.

இன்று காலை லட்சுமணன் என்னை மடுவுக்கு அழைத்துச் சென்றார். மணலை அள்ளி என் உள்ளங்கையில் வைத்து, “பாருங்க சார்” என்றார். புளியங்கொட்டை அளவில் ஒரு மட்டிக்குஞ்சு! “சம்பூர்ணம், இங்க வா” என்று திரும்பினேன். திரும்பிய பக்கம் தண்ணீர்தான் இருந்தது.

அவள் காணாத குஞ்சு வளர வேண்டாமா? வளர்ந்து மணலை நிறைக்க வேண்டாமா? மலையின் எந்த மடுவிலும் இனித் தோட்டா வெடிக்காது என்று இந்த ஊர் சொல்லுமா? சொல்வோர் கை உயர்த்துங்கள்!

தாய்மார்களே… பின்வரிசையுமா? லட்சுமணன் அண்ணா, இரண்டு கையுமா!

உயர்ந்த கைகள் அனைத்துக்கும் அவள் சார்பில் நன்றி, வணக்கம்.