இன்றைக்குப் புளிப்பு தூக்கல்

வெந்நீருக்கும் வெண்துணிக்கும் நடுவே வாழ்ந்தாலும் வெறுப்பு என்பதையே அறியாத அவைத் தலைவர், நம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர் அம்மா அவர்களே! விரிப்பு மடித்து மடித்து விரல் வளைந்தாலும் யாருக்கும் வளைந்து கொடுக்காத மூத்தோர்களே! சொந்தத் துணி வீட்டில் ஊறிக் கிடக்க, ஊரார் துணியை இங்கே அலசிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! வண்டி நின்றாலும் வாயில் விசில் நிற்காத எங்கள் வண்டியோட்டி விசில் அண்ணன் அவர்களே! முன்வரிசை ஓரத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இந்த மனுஷன் என்ன உளறப் போகிறாரோ என்று பயந்து உட்கார்ந்திருக்கும் என் இல்லத்தரசியே! உங்கள் எல்லாருக்கும் இந்த இஸ்திரிக்காரனின் வணக்கம்.

நம் ஓய்வறையில் இன்று கொம்புச்சா மேசை திறக்கிறோம். "நீங்கதான் இதுல கைதேர்ந்தவர், நாலு வார்த்தை சந்தோஷமா பேசுங்க" என்றார் தலைவர். சந்தோஷமாகவா? முயன்று பார்க்கிறேன் அம்மா.

கொம்புச்சா என்றால் என்ன? தேநீரில் சர்க்கரை கலந்து, ஆறவைத்து, பாலாடை மாதிரி வழவழவென்று இருக்கும் ஒரு ஏட்டை மிதக்கவிட்டு, துணியால் வாய் கட்டி, பத்து நாள் பொறுத்தால் புளிக்கும், பொங்கும், நாக்கில் பொரியும். என்ன அங்கே சிரிப்பு? தவளைத் தோல் மாதிரி இருக்கிறது என்கிறீர்களா? விசில் அண்ணன் முதன்முதலில் ஏடு மிதக்கும் கண்ணாடி ஜாடி ஒன்றைக் கையில் கொடுத்தபோது நானும் கேட்டேன்: "அண்ணே, இது குடிக்கவா, புதைக்கவா?" அவர் சொன்னார்: "முதல்ல குடி. அப்புறம் முடிவு பண்ணு."

குடித்தேன். கண் சுருங்கியது, காது சிலிர்த்தது, மூக்கு வரை குமிழ் ஏறியது. கொதிக்கும் தேநீரையே குடித்துக் கொதிக்கும் கூடத்திலேயே கிடந்தவனுக்கு, அன்று உள்ளே யாரோ ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது.

ஆனால் நான் குடித்த கதை பெரிதல்ல. அவள் குடித்த கதையைக் கேளுங்கள்.

என் மனைவி நம் ஆஸ்பத்திரி உணவகத்தின் தலைமைச் சமையல்காரியாக இருந்தவள். அண்டாவில் இருந்து எழும் ஆவியை முகர்ந்தே உப்பு போதாது என்று சொல்வாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது. போகும்போது மணத்தையும் ருசியையும் எடுத்துக்கொண்டு போனது. அடுப்படியில் இருந்தவளைத் தட்டு கழுவும் தொட்டிக்கு மாற்றினார்கள். யாரைக் குறை சொல்வது? அவள் அழவில்லை. சோற்றைக் காகிதம் மாதிரி மென்றாள். அதைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான்.

அந்த ஜாடியில் இருந்து ஒரு வாய் கொடுத்தேன். விழுங்கவில்லை. வாயிலேயே வைத்திருந்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "ஏங்க... புளிக்குதுங்க!"

புளிக்குதுங்க! அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாக எதைக் கொடுப்பேன்? காலையில் அரை டம்ளர், மாலையில் அரை டம்ளர். ஜாடியின் துணியை விலக்கி, "என்னம்மா, எழுந்தாச்சா?" என்று ஏட்டிடம் பேசுவாள். மறுபடி அடுப்படிக்குப் போகலாம் என்று பழைய ஏப்ரனைத் தேடி எடுத்துத் துவைத்தாள். ஐந்து வாரம், ஐயா! ஐந்தே வாரம் என் வீட்டில் விடிந்தது.

கெடுத்தது யார்? நான்தான்.

ஏட்டுக்கு அடியில் பழுப்பு நூல் நூலாய் ஏதோ தொங்கியது. அது இயல்பாக வருவதுதான் என்று இன்று தெரியும், அன்று தெரியாது. இருபத்திரண்டு வருடம் நோயாளி விரிப்பைக் கொதிக்கவைத்தே பிழைத்தவனுக்கு அது அழுக்காகத்தான் தெரிந்தது. அழுக்கென்றால் நம் கை எங்கே போகும்? சொல்லுங்கள், எங்கே போகும்? ஆமாம், வெந்நீருக்குத்தான்! அவள் வேலைக்குப் போயிருந்தாள். கொதிக்கக் கொதிக்க ஊற்றி, ஏட்டை அலசி, ஜாடியைப் பளபளவென்று துடைத்து, புதுத் தேநீரில் அதைத் திரும்ப மிதக்கவிட்டேன். பெருமையாக வேறு இருந்தது. நாலாம் நாள் பச்சைப் பூசணம் பூத்தது.

அவள் பார்க்கும் முன் தூக்கிப் போட்டேன், காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. விசில் அண்ணனிடம் ஓடிப் புது ஏடு வாங்கி, புதிதாய் ஊறவைத்துக் கொடுத்தேன். வாயில் நெடுநேரம் வைத்திருந்தாள். "நல்லா இருக்குங்க" என்றாள். நம்பினேன்.

ஒரு நாள் அவசரத்தில் ஜாடி மாறிவிட்டது. ஏடு போடுவதற்காக அன்று காலை ஆறவைத்திருந்த வெறும் சர்க்கரைத் தேநீர். அதில் ஒரு சொட்டுப் புளிப்பு கிடையாது. அதை ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னைக்குப் புளிப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குங்க."

டம்ளரை வாங்கி மீதியைக் குடித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஏட்டுக்கும் நாக்குக்கும் சம்பந்தமில்லை, ருசி தானாக வந்தது போலவே தானாகப் போயிருக்கும் என்கிறார் டாக்டர். டாக்டருக்கு என்ன? அவரா வெந்நீர் ஊற்றினார்? நாலு மாதமாக அவள் எனக்காகப் பொய் சொல்கிறாள். அது பொய் என்று தெரிந்தும் தெரியாதவன் போல நான் ஊற்றிக் கொடுக்கிறேன். ஒரு கூரை, ஒரு ஜாடி, இரண்டு நடிகர்கள். என்னால் முடியவில்லை, தாய்மார்களே. இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

தலைவர் அவர்களே, முதல் டம்ளரை நீங்கள் வாங்குவதுதான் முறை. மன்னியுங்கள், அதை நான் முன்வரிசை ஓரத்துக்குக் கொண்டுபோகிறேன். மைக் வயர் நீளம்தான். இந்தாம்மா. உன் ஏட்டைக் கொன்றவன் நான். இதைக் குடி. நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லாதே.

என்ன? சத்தமா சொல்லும்மா.

"ஒண்ணுமே தெரியலைங்க."

கேட்டீர்களா? கடைசி வரிசையிலும் கேட்டதா? கை தட்டாதீர்கள், வேண்டாம். நாலு மாதத்துக்குப் பிறகு என் வீட்டில் பேசப்பட்ட முதல் உண்மை இது. அழுகிறாள். அழட்டும். அன்று அழாததையும் சேர்த்து அழட்டும்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. மேசை திறந்தாயிற்று, வரிசையாக வாருங்கள். ருசி தெரிகிறவர்கள் உடனே விழுங்கிவிடாமல், கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்து குடியுங்கள். வணக்கம்.