கொலைக்கு முந்தி ஒளித்த கத்தி

போடிமெட்டில் ஜீப்புக்குள் இடமில்லை. பின்பக்கம் கருவாட்டு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன். காலையிலிருந்து சாப்பிடாதவனுக்கு வாசனையாவது கிடைத்தது. எதிரே, போடியில் பகல் ஆட்டம் சினிமா பார்த்துவிட்டுச் சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டுக்குத் திரும்பும் இளம் தம்பதி.

"பண்ணையாரக் கொன்னது தோட்டக்காரன் பொண்டாட்டிதான். இல்லாட்டி கத்திய எதுக்குப் பரண்ல ஒளிக்கிறா?" என்றான் கணவன்.

"நல்லாப் படம் பாத்தீக மச்சான்! அவ ஒளிச்சது கொலைக்கு முந்தி. கொல்லப் போறவ கத்திய ஒளிப்பாளா?"

"பெறகு எதுக்காம்?"

"புருசன் கோவத்துல தூக்கிட்டுப் போயிரக் கூடாதுன்னுதான்."

"அத வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னாக் கேக்குற ஆளா அவன்?"

ஜீப் இரண்டு வளைவு ஏறியது. திடீரென்று அவன் தொடையில் அடித்துக்கொண்டான்.

"ஏ புள்ள! முந்தாநாள் கங்காணிகூட மல்லுக்குப் போனேன்ல, அப்பலேருந்து என் கவாத்துக் கத்தியக் காணோம்!"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"அரிசிப் பானைக்குள்ள கெடக்கு மச்சான்."

"அடிப்பாவி, நீயும் கூடச் சேந்துல்ல தேடுன!"

"கோவம் போயிருச்சா, அதச் சொல்லுங்க."

"எப்பவோ போயிருச்சு. ஆனா அந்தக் கங்காணி மூஞ்சியப் பாத்தா மட்டும்..."

"அப்ப பானைக்குள்ளயே கெடக்கட்டும்."

டிரைவர் சிரித்த சிரிப்பில் ஜீப் ஓரம்போய்த் திரும்பியது. நான் கருவாட்டு மூட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.