நூற்றெண்பதில் நின்ற எண்

கடற்காற்றுக்கும் கரிசல்மண்ணுக்கும் நடுவே கைகோத்து நிற்கும் நம் மண்டபம் ஊர் ஐஸ் கம்பெனித் தொழிலாளர் சங்கத்தின் இந்த முதலாம் ஆண்டுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, எனக்கு முன்னால் கம்பீரமாக அமர்ந்திருக்கும் சங்கத் தலைவி, சிக்கல் கிராமத்துச் செல்வி, முருகம்மாள் அக்கா அவர்களே! தன் முற்றத்தையே மன்றமாக்கித் தந்திருக்கும் உரிமையாளர் தாஜுன்னிசா அம்மா அவர்களே! கம்ப்ரசர் ஓட்டுநர் சந்தனம் அண்ணன் அவர்களே! ஆழ்கடலுக்கு ஐஸ் ஏற்றிச் செல்லும் அருமைப் பெரியோர்களே! விடியும் முன்னே விரல் மரத்துப்போக உழைக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் தங்கச்சிமடத்துப் படகோட்டியின் மகள், எலெக்ட்ரானிக்ஸ் படித்த ஜெர்லின், இரு கை கூப்பி வணக்கம் சொல்கிறேன்.

மேடையேறியவர்கள் வீரத்தைப் பேசுவார்கள். நான் பயத்தைப் பேசப்போகிறேன். பிறர் பயத்தை அல்ல, என் பயத்தை!

பின்வரிசையில் ஓர் அண்ணன் கேட்கிறார்: “கம்ப்யூட்டர் கதை எங்களுக்கு எதுக்கும்மா?” அண்ணே, நீங்கள் மீனை எதில் வைத்து வருகிறீர்கள்? ஐஸில். அந்த ஐஸை உறைய வைப்பது எது? அம்மோனியா. அந்த அம்மோனியாவைக் கட்டிக் காத்தது எது? ஐம்பது வயதான ஒரு கணினி! பீரோ உயரம், முகப்பில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள், தட்டிவிடச் சின்னச் சின்ன ஸ்விட்சுகள். மூடிப்போன ஏதோ ஓர் ஆலையின் ஏலத்தில் தாஜுன்னிசா அம்மாவின் மாமனார் எடுத்து வந்தது. அதன் மேல் விண்டோஸ் கிடையாது, வேறு எந்த மேற்பார்வையாளரும் கிடையாது. இயந்திரத்தின் சொந்தப் பேச்சான அசெம்பிளியில், ஒவ்வொரு கட்டளையாகக் கையால் எழுதிய ஒரே ஒரு நிரல். எழுதியவர் காலமாகிப் பல வருடம். குழாயில் அழுத்தம் ஏறினால், குளிரவைக்கும் தண்ணீர் மோட்டாரைப் போடும். அதற்கும் மேல் ஏறினால் கம்ப்ரசரை நிறுத்தும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அந்த வேலையில்தான் ஐஸ் அறையில் உழைக்கும் பதினேழு பெண்களின் மூச்சு இருந்தது.

சென்ற ஆண்டு, மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரு மாதம் இருக்கையில், அந்தப் பீரோவுக்குள் மின்சாரம் தரும் பகுதி புகைந்தது. உதிரிப்பாகம் உலகத்தில் எங்கும் இல்லை. என்னை அழைத்தார்கள். நான் என்ன செய்தேன்? பழைய நிரலை அப்படியே எடுத்து, பழைய இயந்திரத்தைப் போலவே நடிக்கும் ஒரு போலி இயந்திரத்தைச் சின்னக் கணினிப் பெட்டிக்குள் எழுதினேன். எமுலேட்டர் என்பார்கள் அதை. என் மேசையில் ஓட்டினேன், ஓடியது. ஓயாமல் ஓட்டினேன், ஒரு குறையும் இல்லை. கர்வத்தோடு கொண்டுவந்து இங்கே மாட்டினேன்.

நான்காம் நாள். காலை பதினொரு மணி. நான் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். திரையில் அழுத்தம் நூற்றெண்பது. சரியான அளவு. பக்கத்தில் கடிகாரம் நொடி நொடியாக ஓடிக்கொண்டிருந்தது. ஐஸ் அறைக்குள்ளிருந்து முருகம்மாள் அக்கா வந்தார்.

“ஏத்தா ஜெர்லினு, கம்ப்ரசர் சத்தம் ஒரு மாதிரியா இருக்கு. இங்கன வந்து கேளு.”

“ஒண்ணும் இல்லக்கா. இந்தா பாருங்க, நூத்தியெம்பதுதான்.”

“அது எம்புட்டு நேரமா நூத்தியெம்பதுலயே நிக்குது? நான் தண்ணி குடிக்க வந்தப்பயும் அதே நம்பருதான். கடிகாரம் ஓடுது, நம்பரு ஓடலையே? ஒன் பெட்டி பொய் சொல்லுதுத்தா!”

தாய்மார்களே, அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்து ஓடினேன். குழாயில் மாட்டியிருந்த பழைய அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நடுங்கிக்கொண்டிருந்தது. அழுத்தம் மீறினால் கம்ப்ரசரை நிறுத்தவென்று தனியாக இருந்த காப்பு விசையோ உப்புக்காற்றில் துருவேறிச் சிக்கிக் கிடந்தது. அக்கா ஐஸ் அறையைப் பார்த்துக் கத்தினார்: “எல்லாரும் வெளியேறுங்கடி! சாமான அங்கனயே போடுங்க!” சந்தனம் அண்ணன் மெயின் ஸ்விட்சை நோக்கிப் பாய்ந்தார். அதற்குள் கூரையிலிருந்த, மீறிய அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு வெடித்ததுபோலத் திறந்தது. அந்த இரைச்சலை இன்றும் என் காது மறக்கவில்லை. கண்ணை அரிக்கும், தொண்டையை அறுக்கும், நுரையீரலை நெரிக்கும் அம்மோனியா நாற்றம்! அந்த நாற்றத்துக்குள் நின்றுதான் அண்ணன் ஸ்விட்சை இறக்கினார். பெண்கள் பதினேழு பேரும் சாலைக்கு வந்துவிட்டார்கள். நான் மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அண்ணன் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் குரல் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

கேளுங்கள், இதற்குப் பிறகுதான் என் பயம் பெரிதானது. பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அது ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது! ஓட்டிப் பார்த்தேன், பிழை இல்லை. ஒவ்வொரு கட்டளையாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், பிழை இல்லை. உடைந்த பொருளென்றால் கையில் எடுத்துப் பார்க்கலாம். உடையாமல், ஒளிந்துகொண்டு, ஆளில்லாத நேரம் பார்த்து வரும் பிழையை எங்கே தேடுவது? எப்படி உண்பது? எப்படி உறங்குவது?

வாசலில் படகுக்காரர்கள் வந்து நின்றார்கள். “ஆறு நாள்ல கடலுக்குப் போகணும். ஐஸ் உண்டா இல்லையா?” நியாயமான கேள்வி. தாஜுன்னிசா அம்மா என்னிடம் சொன்னார்: “புள்ள, நீ சரின்னு சொல்ற வரைக்கும் கம்ப்ரசர் ஓடாது. ஒரு உசுரு போச்சுன்னா அல்லாஹ்கிட்ட நான்ல பதில் சொல்லணும்.”

அப்போது அக்கா சொன்ன அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப நினைத்தேன். கடிகாரம் ஓடுது, நம்பரு ஓடலை! அப்படியென்றால் பெட்டி சாகவில்லை. பாதி உயிரோடு இருந்திருக்கிறது. எந்தப் பாதி?

எளிமையாகச் சொல்கிறேன். நிரல் தன் வேலையில் இருக்கும்போது கடிகாரம் ஒரு பக்கம் குறுக்கிடும், அழுத்தமானி ஒரு பக்கம் குறுக்கிடும். உடனே நிரல், விட்ட இடத்தின் முகவரியை நினைவகத்தின் ஒரே ஓர் அறையில் எழுதிவைத்துவிட்டு, வந்தவரைக் கவனிக்கும். கவனித்து முடிந்ததும் இரண்டு கட்டளை. ஒன்று, ‘இனி அடுத்தவர் வரலாம்.’ மற்றொன்று, ‘விட்ட இடத்துக்குத் திரும்பு.’ பழைய இயந்திரம் பண்பானது. ‘வரலாம்’ என்று சொன்ன பிறகும் ஒரே ஒரு கட்டளை அளவுக்கு வாசலை மறித்து நிற்கும். திரும்பிச் சேர்ந்த பின்தான் அடுத்தவரை உள்ளே விடும். நான் எழுதிய போலிக்கு அந்தப் பொறுமை இல்லை. சொன்ன கணமே கதவைத் திறந்துவிட்டது. திரும்பும் முன்னே அடுத்தவர் நுழைந்தார். எழுதிவைத்த முகவரியின் மேல் புதிய முகவரி விழுந்தது. எந்த முகவரி? ‘திரும்பு’ என்ற அந்தக் கட்டளையின் முகவரியே! திரும்பு என்றால் அங்கேயே திரும்பும். மறுபடி திரும்பு, மறுபடி அங்கேயே! கடிகாரம் வந்து வந்து போனது. அழுத்தத்தைக் கவனிக்க வேண்டிய நிரலோ வீடு திரும்பவே இல்லை.

கடிகாரமும் மானியும் ஒரே கணத்தில் வந்தால் மட்டுமே இது நடக்கும். என் மேசையில் நான் இரண்டையும் முறைவைத்து, வரிசையாக அனுப்பியிருந்தேன். இந்தக் கடற்கரையில் எது வரிசையாக வருகிறது?

பழைய பீரோவுக்கு வெளியிலிருந்து தற்காலிகமாக மின்சாரம் கொடுத்துப் பெட்டியின் பக்கத்தில் நிறுத்தினேன். கம்ப்ரசரைத் தொடாமல், இரண்டுக்கும் இரண்டு சைகைகளையும் ஒரே நேரத்தில் அனுப்பினேன். பீரோ ஒரு கட்டளை பொறுத்தது, திரும்பியது. என் பெட்டி உறைந்தது. கடிகாரம் மட்டும் ஓடியது. பீரோவோடு வந்த பழைய கையேட்டைப் புரட்டினேன். அந்த விதி ஒரே வரியில் அதில் இருந்தது. அந்த வரியை நான் முன்பே படித்திருந்தேன்! முக்கியமில்லை என்று தாண்டியிருந்தேன்!

பிழை கிடைத்ததில் மகிழ்ந்தேனா? இல்லை. தாஜுன்னிசா அம்மா உள்ளே வந்து, “அந்தக் காலத்து ஆளு எழுதுனதுலதான தப்பு?” என்றார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். இறந்தவர் எழுந்து வந்து மறுப்பாரா? யாருக்குத் தெரியும்? அந்தச் சொல் என் நாக்கு நுனிவரை வந்தது என்பதை இந்த மேடையில் ஒளிக்காமல் சொல்கிறேன். சந்தனம் அண்ணனின் இருமல் நினைவுக்கு வந்தது. “இல்லம்மா, அவர் எழுதுனது சரி. நான் எழுதுனதுதான் தப்பு” என்றேன்.

அதையே இதே முற்றத்தில் பதினேழு பேர் முன்னாலும் சொன்னேன். முருகம்மாள் அக்கா எழுந்தார்.

“இப்பச் சரி பண்ணிட்டியா?”

“பண்ணிட்டேன்க்கா. ஆனாலும் எனக்குப் பயமா இருக்கு.”

“எங்களுக்கும் பயந்தான். அப்ப நீ வெளிய உக்காந்து திரையப் பாக்காத. உள்ள வந்து எங்ககூட நில்லு.”

நின்றேன், தாய்மார்களே! காப்பு விசையை மாற்றிய பின், ஒரு வாரம், அந்தக் குளிரில், அந்தக் குழாய்களுக்குக் கீழே நின்றேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் அழுத்தமானியின் முள்ளைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் வருடக்கணக்காக எதன் கீழே நின்று உழைக்கிறீர்கள் என்பது அந்த வாரம்தான் எனக்குப் புரிந்தது. படகுகள் இரண்டு நாள் தாமதமாகப் போயின. ஆனால் போயின. ஐஸும் போனது. ஓர் உயிரும் போகவில்லை.

அதன்பின் பிறந்ததுதான் இந்தச் சங்கம். சங்கத்தின் முதல் கோரிக்கை சம்பளம் அல்ல. ஐஸ் அறை வாசலில் ஒரு சிவப்புப் பொத்தான்! யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். அழுத்தினால் எல்லாம் நிற்கும். இந்த ஓராண்டில் ஆறு முறை அழுத்தினீர்கள். ஐந்து முறை ஒன்றுமில்லை. ஆறாவது முறை, ஒரு மூட்டில் கசிவு இருந்தது.

அந்த ஐந்து முறைக்காக யாராவது உங்களைத் திட்டினார்களா? திட்டக்கூடாது! திட்டினால் ஆறாவது முறை கை நீளுமா? திரை சரியென்று சொல்லலாம். படித்தவள் சரியென்று சொல்லலாம். நானே நேரில் நின்று சரியென்று சொல்லலாம்! உங்கள் நெஞ்சு இல்லையென்றால் அழுத்துங்கள்! காரணம் தெரியாவிட்டாலும் அழுத்துங்கள்! காரணத்தைத் தேடுவது என் வேலை. அதுவரை உயிரோடு இருப்பது உங்கள் உரிமை!

பேச வாய்ப்பளித்த சங்கத்துக்கும், பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கும், என் பிழையைக் கேட்ட பின்னும் என்னை இந்த மேடையில் ஏற்றிய அந்தப் பதினேழு தாய்மார்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நாளை காலை ஆறு மணிக்குக் கம்ப்ரசர் மறுபடி ஓடும். நானும் வருவேன், பயத்தோடுதான் வருவேன். வணக்கம்.